கரையைத் தொட்டால் திரும்பு

கடலில் காணாமல் போன தம்பி மறுவாரமே கரைக்கு வந்தான். ஒரு கால் மணலில் பட்டதும் கடல் அவனைத் திரும்ப இழுத்துக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் மாலையில் அதுவே நடந்தது. பேருந்து வராத நாளிலும் அவன் வந்தான். எட்டிப் பிடிக்க ஓடியவர்களுக்கு நனைந்த துணிதான் மிச்சம்.

காரணம் அவன் அக்காவுக்குத் தெரியும். தண்ணீரில் விழுந்தது எங்கே போய்ச் சேரும் என்று கடல் ஆய்வு அலுவலகத்தில் கணினியில் கணக்குப் போடுவது அவள் வேலை. எண்ணெயோ பிளாஸ்டிக்கோ, அவளுக்கு எல்லாம் புள்ளிகள். படகு கவிழ்ந்த செய்தி வந்ததும், அழக்கூட நேரமில்லாமல், திரையில் கவிழ்ந்த இடத்தில் ஆயிரக்கணக்கான புள்ளிகளை விட்டு, காற்றையும் நீரோட்டத்தையும் கொடுத்துக் கணக்கை ஓட்டினாள். பதற்றத்தில் ஒன்றை மாற்ற மறந்தாள். முந்தைய கணக்கில் மிதக்கும் மீன்முட்டைகளுக்காகப் போட்டிருந்த விதி அப்படியே கிடந்தது: கரையைத் தொட்டால் திரும்பு. கடல் எதற்காக அவள் பேச்சைக் கேட்டதோ தெரியவில்லை. அலுவலகத்தில்கூட யாரும் கேட்டதில்லை.

விதியை மாற்றலாம். கரையைத் தொட்டால் நில் என்று எழுதினால் போதும். ஆனால் நின்ற புள்ளி பிறகு அசையாது; அதன் கதை அங்கேயே முடிந்துவிடும். அக்கா இதை அம்மாவிடம் ஒளிக்கவில்லை.

"தொடாதடி," என்றாள் அம்மா. "தள்ளி நின்னாவது பாத்துக்கறேன்."

ஊர் பழகிவிட்டது. ஐஸ் விற்பவர் வண்டியை அந்தப் பக்கம் நகர்த்திக்கொண்டார். அம்மாவின் தலை வெளுத்தது, அக்காவுக்குக் கண்ணாடி வந்தது, தம்பியின் மீசை மட்டும் அதே அளவில் இருந்தது. அவனுக்குப் பேசி வைத்திருந்த பெண் ஒருநாள் தன் குழந்தையோடு வந்து, தூரத்தில் நின்று பார்த்துவிட்டுப் போனாள்.

பிறகு ஒரு மாலை, அலை இழுப்பதற்குள், அவன் முதல்முறையாகப் பேசினான். "அம்மா, கால் வலிக்குதும்மா."

அன்று அம்மா சோற்றில் கை வைக்கவில்லை. "எனக்காகத்தான் நடந்துக்கிட்டே இருக்கான் போல," என்றாள் மகளிடம். "நாளைக்கு மாத்திடு."

மறுநாள் அக்கா ஒரு சொல்லை அழித்து இன்னொன்றை எழுதிவிட்டு, செருப்பைக்கூட மறந்து கடற்கரைக்கு ஓடினாள். தம்பி வந்தான். ஒரு கால் மணலில் பட்டது, மறு காலும் பட்டது. அலை தனியாகத் திரும்பிப் போனது. அவன் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து, ஓடி வந்த அம்மாவின் மடியில் தலையை வைத்து, "அப்பாடா" என்றான். அதோடு சரி.

இருட்டும்வரை அக்கா அவன் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். போதும் என்று யாரும் சொல்லவில்லை.