சாணி மெழுகிய வளைவு

பாய்லர் அடுப்புக்குள் தலையை நுழைத்ததும் மாட்டுக்கொட்டகை நாற்றம் குப்பென்று முகத்தில் அடித்தது. கரி நாறலாம், செத்த எலிகூட நாறலாம். சாணி நாறுகிற பாய்லரை அன்றுதான் பார்த்தேன்.

திருவொற்றியூரில் வேதமாணிக்கத்தின் எண்ணெய் ஆலை அது. நான் ராயபுரம் ஸ்டானிஸ்லாஸ். அடுப்புக்குள் இருக்கும், சூடு தாங்கும் தீச்செங்கல் கட்டுமானத்தில் விரிசல் உண்டா என்று பார்த்துச் சொல்வது என் பிழைப்பு. நான் சரி என்றால்தான் தீ மூட்டுவார்கள்.

அரிக்கேன் விளக்கைத் தூக்கினேன். கரி போடும் வாய்க்கு மேலிருந்த செங்கல் வளைவை, வீட்டுத் தரையை மெழுகுவதுபோல் மெழுகி வைத்திருந்தார்கள். நகத்தால் சுரண்டினேன். களிமண்ணும் சாணியும் ஈரமாக உதிர்ந்தன. உள்ளே என் சுண்டுவிரல் முழுசாகப் போகிற விரிசல். தீ பட்டால் சாணி எரிந்துபோகும், வளைவு இறங்கும், நெருப்பு வாய் வழியாக வெளியே பாயும். அந்த வாய்க்கு நேரே நின்றுதான் அப்துல் வஹாப் நாளெல்லாம் கரி அள்ளிப் போடுகிறான்.

வெளியே வந்தேன். வஹாபின் நகக்கண்ணில் அதே சாணிப் பச்சை ஒட்டியிருந்தது.

"இன்னா வஹாபு, நீயா மெழுகினே?"

"மொதலாளி சொன்னாரு மேஸ்திரி. வூட்ல தரை வெடிச்சா இத்தத்தானே பூசறோம். நல்லா புட்ச்சிகினுதான் கீது."

அவன்மேலும் எனக்கு அருவருப்பு வந்தது. தன் முகத்துக்குத் தானே கொள்ளி வைத்துக்கொள்வானா ஒருவன்?

வேதமாணிக்கம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "பாத்தாச்சுல்லா மேஸ்திரி? உலகச் சண்டை முடிஞ்சும் நல்ல செங்கல் எங்க கிடைக்கி? சரின்னு சொல்லிட்டுப் போங்க."

"சரி மொதலாளி. மூட்டலாம். மொத நாள் மட்டும் வஹாபுக்குப் பதிலா நீங்க நில்லுங்க."

அவர் அடுப்பின் வாயைப் பார்த்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் நகர்ந்தார்.

"நமக்கு அது பழக்கமில்ல. அவன்தான நிப்பான்."

வாயெல்லாம் கசந்தது எனக்கு. சுத்தியலோடு மறுபடி உள்ளே தவழ்ந்து, ஓரமாக ஒதுங்கி, வளைவின் நடுச்செங்கலைத் தட்டினேன். பலமாகக்கூடத் தட்டவில்லை. பாதி வளைவு சாணியோடு பொலபொலவென்று கொட்டியது.

வெளியே வந்து, "இனிமே யாரும் நிக்க வேணாம்" என்றேன். வேதமாணிக்கம் கத்தினார். அவர் கத்தியது எனக்கு உறைக்கவே இல்லை. வஹாப் ஒரு நல்ல வார்த்தை சொல்வான் என்று அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் குனிந்து, விழுந்து கிடந்த செங்கற்களைப் பார்த்தான். பிறகு என் காலடியில் காறித் துப்பினான்.

"இத்தக் கட்டி முடிக்க எம்மா நாளாவும்? அதுவரிக்கும் எம் பசங்களுக்கு நீயா சோறு போடுவே?"

வேதமாணிக்கம் தூரத்திலிருந்தே அவனுக்கு ஏதோ சைகை காட்டினார். வஹாப் தலையாட்டிவிட்டு, சாணி ஒட்டியிருந்த காலிக் கூடையை எடுத்துக்கொண்டு வண்டி மாட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தான்.