தொடையில் தட்டாத பாட்டு

பர்வானே பாடி மெல்பேர்னில் கேட்டவள் நான் ஒருத்திதான். அதுவும் நாங்கள் வேலை செய்த ஆஸ்பத்திரி லோன்றியில், துணி தோய்க்கும் மெஷின்கள் நிற்கும் நேரங்களில். சின்ன வயதிலேயே பாரசீகக் கவிதைகளை மனப்பாடம் பண்ணி, தெஹ்ரான் வானொலியில் பெயரெடுத்தவர். கணவரின் வேலைக்காக இங்கே வந்தார். கணவர் போன வருடம் இறந்துவிட்டார். இந்த 1979இல் புரட்சி வந்து, அங்கே வானொலியில் பெண்கள் பாடுவதே நின்றுபோனது. "பாட்டை விடு, நீ வா" என்று அம்மா போனில் அழுகிறார்.

"அங்கே பாட விடமாட்டார்கள், இங்கே கேட்க ஆளில்லை. அம்மாவாவது பக்கத்தில் இருப்பாள், கிரிஜா" என்று இங்கிலிஷில் சொன்னார். அடுத்த வாரம் பயணம்.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒரு தரம் பாடிவிட்டு முடிவெடுங்கள் என்று கெஞ்சி, கிளென் வேவர்லியில் எங்கள் இலங்கைத் தமிழ் ஆட்கள் கூடும் ஹோலுக்கு ஞாயிறு பின்னேரம் இழுத்துப் போனேன்.

கண்ணை மூடித் தொடங்கினார். உடனே முன்வரிசையில் மகேந்திரராஜா அங்கிளின் கை தொடையில் விழுந்தது. தாளம்! பர்வானே ஒரு சொல்லை நீட்ட நீட்ட, அங்கிள் அதைப் பிடிக்க இன்னும் பலமாகத் தட்டினார். கொஞ்ச நேரத்தில் ஹோல் முழுக்க ஆளுக்கொரு தாளம்.

பர்வானே நிறுத்திவிட்டார். "சீக்கிரம் முடி என்கிறார்களா?" என்று கைப்பையை எடுத்தார்.

நான் அங்கிளிடம் ஓடினேன். "அங்கிள், கையை எடுங்கோ!"

"ஏன் பிள்ளை? அவ தாளத்தை விட்டிட்டா, நான் எடுத்துக் குடுத்தனான்."

"இதிலை தாளமே இல்லை. விருத்தம் பாடேக்கை ஆரும் தட்டுறவையோ?"

"விருத்தமோ! முதலே சொல்லுறதுக்கென்ன, விசர்ப்பெட்டை!"

"இந்த மனுசன் ஐயர் மந்திரம் சொன்னாலும் தட்டும்" என்றார் அவர் மனைவி நாகேஸ்வரி அன்ரி. எல்லோரும் சிரித்தார்கள்.

தட்டுவது விரட்டுவதற்கல்ல, கூடவே வருகிறோம் என்பதற்குத்தான் என்று பர்வானேக்குச் சொன்னேன். நம்பாமல் அங்கிளைப் பார்த்தார். அங்கிள் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தார்.

பர்வானே மறுபடி பாடினார். ஓரிடத்தில் குரல் உடைந்து உடைந்து மேலே ஏறியது. ஒரு சொல்லும் எங்களுக்கு விளங்கவில்லை. ஒருவரும் அசையவுமில்லை.

"அந்த ஏறின இடத்தை இன்னொருக்காப் பாடச் சொல்லு பிள்ளை" என்றார் அங்கிள்.

"அது அப்படியே திரும்பி வராது" என்றார் பர்வானே.

"வாற மாதிரி வரட்டும்."

வேறு மாதிரித்தான் வந்தது.

அன்று இரவே எங்கள் வீட்டுச் சமையலறையிலிருந்து தெஹ்ரானுக்கு போன் எடுத்தார். பாரசீகத்தில் நீண்ட பேச்சு, அழுகை. பிறகு ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"வரவில்லை, இங்கே கேட்க ஆளிருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அப்படியென்றால் என்னதான் பாடினாய், பாடு என்கிறாள் அம்மா."

நான் வெளியே வந்து குசினிக் கதவைச் சாத்தினேன். உள்ளே அவர் அம்மாவுக்குப் பாடத் தொடங்கினார்.