டிக் சத்தம்

அப்பா போலீஸ் நாய்களுக்குப் பயிற்சி தருபவர். நாய் சொன்னபடி செய்ததும் கையிலிருக்கும் கிளிக்கரை அழுத்துவார். டிக் என்று சத்தம் வரும், நாய்க்கு பிஸ்கட் கிடைக்கும். அதே கிளிக்கரை வைத்துத்தான் எனக்கு டேபிள் டென்னிஸ் சர்வ் கற்றுத்தந்தார். சர்வ் சரியாக விழுந்தால் டிக். உடனே என் வாயில் சாக்லேட் ஊட்டுவார். அவர் விரலில் நாய் பிஸ்கட் வாடை அடிக்கும்.

"மூளைக்கு ஆசை காட்டணும்டி. கை தானா கத்துக்கும்" என்பார்.

கை கற்றுக்கொண்டது.

இன்று மாநில அணித் தேர்வின் கடைசி ஆட்டம். ஒன்பதுக்கு ஒன்பது. நான் போட்ட சர்வை எதிராளியால் தொடவே முடியவில்லை. புள்ளி எழுத நடுவர் பேனாவை அழுத்தினார். டிக்.

எனக்கு எச்சில் ஊறியது.

புறங்கையால் வாயைத் துடைத்தேன். கேலரியில் இருந்த அப்பாவை அண்ணாந்து பார்த்தேன். அவரும் அதைக் கவனித்திருந்தார். பெருமையாகத் தொடையைத் தட்டினார். நாய்களை அவர் அப்படித்தான் மெச்சுவார்.

அடுத்த சர்வும் அதே இடத்தில் விழுந்தது. ஜெயித்துவிட்டேன். மறுபடியும் டிக்.

அப்பா கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடிவந்தார். "என் தங்கம்! எங்க, வாயத் திற!"

"வேண்டாம்பா" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் சாக்லேட்டைத் திணித்துவிட்டார்.

அவர் உள்ளங்கையிலேயே துப்பினேன்.

"என்னடி இது, அசிங்கமா?" என்றார்.

வாயை இறுக மூடிக்கொண்டேன். எச்சில் இன்னும் ஊறிக்கொண்டிருந்தது.