வளைந்த மூக்கு

என் அண்ணன் டெல்மர் மாக்கல்லில் சிற்பம் செய்பவன். உலகைச் சுமக்கும் ஆமை, வானத்திலிருந்து விழுந்த பெண் என்று கனடாவில் பூர்வகுடிகளான எங்கள் ஊர் ஒஸ்வீக்கனில் சொல்லப்படும் கதைகளில் பாதிக்கு அவன் கொட்டகையில் கல் உண்டு. கதவைச் சாத்தி வேலை செய்கிறவன் அல்ல. அந்த வசந்தத்தில் பூட்டுப் போட்டான்.

பஃபலோ நகரிலிருந்து ஒரு கார் மூன்று முறை வந்துபோனது. கல் கொண்டுவருகிறவர் என்றான். கல் விற்கிறவருக்குப் பளபளக்கிற ஷூ எதற்கு? ஊரிலும் பேச்சு கிளம்பியது. மூக்கு வளைந்து வாய் கோணிய, நோய் தீர்க்கும் புனித முகங்களை நாங்கள் விற்பதில்லை, பார்வைக்கு வைப்பதும் இல்லை. ஆனால் அவற்றுக்காக அலைகிறவர்கள் உண்டு. எங்கள் குலத்தாய் ஆர்ஃபா ஒன்றும் கேட்கவில்லை. சோளச் சூப்பை ஊற்றித் தரும்போது என்னைக் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தார். அதுவே போதுமாயிருந்தது.

ஞாயிறு மதியம் அவன் வலைக்கோலால் பந்தெறியும் லாக்ரோஸ் ஆட்டம் பார்க்கக் கிளம்பியதும் பூட்டை நெம்பினேன். ஈரச் சாக்கை விலக்கினால், ஒரு பக்கமாக வளைந்த மூக்கு, கோணிய வாய். நினைத்தது சரிதான். சுத்தியலை எடுத்து அடித்தேன். காது தெறித்து விழுந்தது. மறுபடி ஓங்கியபோது வாசலில் டெல்மர் நின்றிருந்தான். தொப்பியை மறந்துவிட்டுத் திரும்பியிருக்கிறான்.

"அது யாருன்னு தெரியுதா, வெல்டா?"

"தெரியுது. யாருக்கு விக்கப் போறே?"

"அது நம்ம அப்பா. பந்து பட்டு மூக்கும் தாடையும் உடைஞ்ச அப்பா."

நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டார். வீட்டில் இருக்கும் ஒரே படத்தில் அவர் மூக்கு நேராக இருக்கும்.

"அப்புறம் ஏன் பூட்டினே?"

"பாதியில காட்டினா மூக்கு கோணல்னு சொல்வே."

அப்போதும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. பஃபலோக்காரருக்கு போன் செய்து கேட்டேன். கல்தான் விற்கிறார். வெட்கத்தோடு நானே போய் ஆர்ஃபாவை அழைத்துவந்தேன். அவர் கல்லைச் சுற்றி வந்தார், வளைந்த மூக்கைத் தடவினார்.

"ஆமா, பேட்ரிக்தான். பல்லைத் துப்பிட்டு மறுபடி ஆட வந்தான். அன்னிக்கு நாமதான் ஜெயிச்சோம்," என்றார்.

டெல்மர் அவருக்கு முக்காலியை நகர்த்திப் போட்டான். உடைந்த காதை மடியில் வைத்துக்கொண்டு நானும் உட்கார்ந்தேன். ஆர்ஃபா அந்த ஆட்டத்தை முதல் பந்திலிருந்து சொல்லத் தொடங்கினார்.