பழுப்பு ஏறாத ஸ்லைடு

இருபத்திரண்டு வருஷத்தில் அவள் ஒரு ஸ்லைடையும் டாக்டருக்கு முந்திக்கொண்டு பார்த்ததில்லை. மெழுகில் பதித்த சதையை இழை இழையாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டி, சாயம் ஏற்றி, டாக்டர் மேஜையில் எண் வரிசைப்படி அடுக்கி வைத்தால் அவள் வேலை முடிந்தது. அந்த வியாழக்கிழமை காலை மட்டும், நானூற்றுப் பதினேழாம் ஸ்லைடை ஈரம் காய்வதற்குள் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டாள்.

அது அவளுடைய நாத்தனாரின் மார்பிலிருந்து ஊசியால் எடுத்த சதை. சொந்தக்காரர் சதையைத் தொடக் கூடாது என்பது ஆய்வகத்தின் வழக்கம். புட்டியில் எண் மட்டும்தானே இருந்தது, அவள் வாயைத் திறக்கவில்லை. வேறு யார் கையிலும் அதைக் கொடுக்க மனம் ஒப்பவில்லை.

புற்று என்பது போன வாரமே உறுதியாகிவிட்டது. கல்லீரலுக்கும் போயிருந்தது. இனி ஒரே கேள்விதான். இந்தச் சாயத்தில் புற்றணுக்கள் மேல் பழுப்பு ஏறினால், தினம் ஒரு மாத்திரையில் நோயை வருஷக்கணக்கில் அடக்கி வைக்க வழியுண்டு. ஏறாவிட்டால் அந்த மாத்திரையால் பயனில்லை. வேறொரு மருந்துக்கான சாயம் முந்தின நாளே கைவிட்டிருந்தது. பிறகு இருப்பது நரம்பில் ஏற்றும் கடுமையான மருந்து ஒன்றுதான். அது எத்தனை மாதம் தாங்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

பார்த்தாள். ஒரே நீலம். தேடித் தேடிப் பார்த்தாலும் பழுப்பு ஒரு பொட்டுகூட இல்லை.

பிறகு ஒரு நினைப்பு வந்தது, வந்ததும் உயிரும் வந்தது. நேற்று ஸ்லைடுகளைக் கொதிக்க வைத்தபோது நாத்தனார் போன் பண்ணினாள். "என்ன சாயக்காரி அண்ணி, எனக்கு நல்ல கலரா போட்டுவிடுங்க. முடிவு எதுவா இருந்தாலும் நீங்கதான் முதல்ல சொல்லணும், சரியா?" சரி சரி என்று பேசிக்கொண்டே இவள் வராந்தாவுக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில் சூடு இறங்கியிருக்கலாம். சூடு போதாவிட்டால் சாயம் பிடிக்காது. தப்பு தன்னுடையதுதான் போலிருக்கிறது!

டாக்டர் அறைக்கு ஓடினாள். "மேடம், நான் தப்பு பண்ணிட்டேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நீயா? தப்பு பண்ணிட்டு இவ்வளவு சந்தோஷமா வந்து நிக்கிற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்."

"நானூத்திப் பதினேழு. சூடு பத்தலை. திரும்பப் போடணும்."

"அதே தட்டுல இருந்த மத்ததெல்லாம்?"

"எல்லாம் பிடிச்சிருக்கு. வெறுங்கண்ணுக்கே பழுப்பு தெரியுது."

"அப்போ சூடு மட்டும் அந்த ஒண்ணை விட்டுட்டுப் போச்சா?" அவள் முகத்தைப் பார்த்ததும் டாக்டரம்மாவின் குரல் இறங்கியது. "யாரு அது?"

"என் வீட்டுக்காரரோட தங்கச்சி."

"திரும்பப் போடலாம். நீ தொடாதே. சொட்டுக்காரர் போடட்டும்."

சொட்டுக்காரர் என்பது அடுத்த மேஜைக்காரர். திரவத்தை எண்ணி எண்ணித்தான் சொட்டுவார். அன்று அவர் வழக்கமான கேலியை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டார். "அம்மா, நீங்க அந்தப் பக்கம் போய் உக்காருங்க. நான் ஒரு சொட்டு குறையாம போடறேன்" என்றார். நாலு மணி நேரம் அவள் மேஜைத் துடைப்பானைக் கையில் வைத்துக்கொண்டு, துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மணிக்கு டாக்டரம்மா கூப்பிட்டார். இருவர் சேர்ந்து பார்க்கும் மைக்ரோஸ்கோப். ஒரு பக்கம் அவர், எதிர்ப்பக்கம் இவள். மறுபடி நீலம். டாக்டரம்மா ஸ்லைடை மெல்ல ஓரத்துக்கு நகர்த்தினார். அங்கே புற்று தொடாத பால்குழாய் ஒன்று தப்பிக் கிடந்தது. அதன் அணுக்களில் அங்கங்கே பழுப்பு அழுத்தமாக ஏறியிருந்தது. நல்ல சதை சாயத்தைப் பிடித்திருந்தால் சோதனை சரி என்று அர்த்தம். பக்கத்திலேயே இருக்கும் புற்று பிடிக்கவில்லை என்றால் மாத்திரைக்குக் கட்டுப்படும் குணமே அதற்கு இல்லை.

"காலையில போட்டதையும் இப்போ பாத்தேன்" என்றார் டாக்டரம்மா. "அதுலயும் இந்தக் குழாய் பழுப்பாத்தான் இருக்கு."

அவளுக்குத் தெரியும். காலையில் ஸ்லைடை நகர்த்திக்கொண்டே போனவள், அந்த ஓரம் வருவதற்குச் சற்று முன்னால் கையை நிறுத்திக்கொண்டது அவளுக்குத் தெரியும்.

"அவகிட்ட முடிவைச் சிகிச்சை டாக்டர் சொல்லட்டும். நீ ஏன்?"

"வாக்குக் கொடுத்துட்டேன் மேடம்."

நாத்தனாரின் நகல் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். இவளைக் கண்டதும், "வாங்க அண்ணி, ஒரு பக்கமா ரெண்டு பக்கமா?" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கையிலிருந்த தாளை இயந்திரத்தில் வைத்து மூடிவிட்டு, பக்கத்தில் வந்தாள்.

"பிடிக்கலையா?"

"பிடிக்கலை."

"போன்ல நான் வேற தொணதொணன்னு பேசிக்கிட்டிருந்தேன். உங்க கை எங்கேயாவது தவறியிருக்காதா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு துடித்தது. இன்னும் ஒரு வாரம் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அந்த ஒரு வாரமும் மருந்து தொடங்காமலே போய்விடும்.

"இல்லம்மா. சரியாத்தான் செஞ்சிருக்கேன். ரெண்டு தடவை பாத்தாச்சு. திங்கட்கிழமையே மருந்து ஏத்தணும்."

நாத்தனார் தலையாட்டினாள். நின்றவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுத்தாள், ஒருவருக்கு முனையில் பின் அடித்துக்கூடக் கொடுத்தாள். எல்லோரும் போன பிறகு தாள்கட்டின் மேல் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"இன்னும் இல்லை."

"நானே சொல்லிக்கிறேன். நீங்க சொன்னா ரிப்போர்ட் வாசிக்கிற மாதிரி இருக்கும்." சொல்லிவிட்டு, தள்ளி உட்கார்ந்து பக்கத்தில் இடம் விட்டாள். இவள் உட்கார்ந்தாள். வாசலில் யாரோ வந்து ஒரு நகல் கேட்டார்கள். இருவரில் யாரும் எழுந்திருக்கவில்லை.