பிளாஸ்திரி போட்ட வயர்

காலில் சுரீரென்றபோது எறும்பு என்றுதான் நினைத்தேன். வெறுங்காலோடு ஈரத்தில் நின்று தரை துடைத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை மாப்பைக் கட்டிலுக்கு அடியில் விட்டேன். இந்தத் தடவை முழங்கால் வரைக்கும் இழுத்தது. அலறிக்கொண்டு பின்னால் வந்து விழுந்தேன். எந்த எறும்பு முழங்கால் வரைக்கும் கடிக்கும்?

கட்டிலில் என் வீட்டுக்காரர். நுரையீரல் கெட்டுப்போய்ப் படுத்தவர். தலைமாட்டில் ஆக்சிஜன் மெஷின், அதிலிருந்து மூக்குக்குக் குழாய். இரவும் பகலும் அது ஓடினால்தான் அவருக்கு மூச்சு. குனிந்து பார்த்தேன். மெஷினின் வயர் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு வெள்ளைப் பிளாஸ்திரி. குழாய் நழுவாமல் இருக்க அவர் கன்னத்தில் ஒட்டுகிற அதே பிளாஸ்திரி. தண்ணீரில் ஊறிச் சொதசொதவென்று இருந்தது.

கரண்டு வேலை பார்க்கும் என் கொழுந்தனுக்கு போன் போட்டேன்.

"அண்ணி, அதைத் தொடாதீங்க. ஈரத்துல நிக்காதீங்க. காஞ்ச பக்கமா போய் அண்ணனுக்கு சிலிண்டரை மாட்டிட்டு, மெயினை இறக்கிடுங்க. இதோ வந்துட்டேன்."

சிலிண்டரை மாட்டி, மெயினை இறக்கினேன். முந்தின நாள் கரண்டு போனபோது பாதிக்கு மேல் தீர்ந்துபோன சிலிண்டர் அது. முள் சிவப்புக் கோட்டை ஒட்டி நின்றது. சிலிண்டர்காரனுக்கு போன் போட்டால், சாயங்காலம்தான் வர முடியும் என்று சாவகாசமாகச் சொல்கிறான். அவன் வாயில் மண்ணைப் போட.

கொழுந்தன் வந்தான். மெயின் இறங்கியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தான். அப்படியும் நம்பாமல் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கி, எல்லோர் கண்ணிலும் படும்படி நாற்காலி மேல் வைத்தான். பிறகுதான் வயரைத் தொட்டான்.

"யார் அண்ணி இந்த வேலை பண்ணது? துணிப் பிளாஸ்திரி. தண்ணியை அப்படியே குடிக்கும்."

"எனக்கென்ன தெரியும்? குழாய் மாத்த வர்ற நர்ஸம்மாவா இருக்கும்."

"நான்தான்," என்றார் கட்டிலில் இருந்தவர்.

நாங்கள் இரண்டு பேரும் திரும்பினோம். சிலிண்டரிலிருந்து வரும் காற்றை இழுத்து இழுத்துப் பேசினார். கட்டிலை நகர்த்தியபோது அதன் சக்கரம் வயர் மேல் ஏறிவிட்டதாம். தோல் பிளந்து செம்பு தெரிந்ததாம். நான் குளிக்கப் போயிருந்த நேரத்தில் எட்டிப் பிடித்துச் சுற்றிவிட்டாராம்.

"ஏன் என்கிட்ட சொல்லல?"

"சொன்னா... மெஷினை நிறுத்துவீங்க."

எனக்கு வந்ததே கோபம்! "உங்களுக்கு அறிவிருக்கா? தினமும் இந்த ஈரத்துலதானே நான் கிடந்து சாகுறேன்? நான் செத்திருந்தா உங்க வாயில தண்ணி ஊத்த யாரு வருவா? கட்டினவ பொசுங்கினா பரவாயில்ல, மெஷின் நிக்கக் கூடாது, அப்படித்தானே?"

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். நோயாளியிடம் அப்படிப் பேசலாமா என்று கேட்காதீர்கள். என் நெஞ்சு இன்னும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது.

கொழுந்தன் பிளாஸ்திரியை உரித்தான். உள்ளே ஒரு கம்பி பாதி அறுந்து, பக்கத்துத் தோலெல்லாம் கருகியிருந்தது. மெஷினின் பின்மூடியைக் கழற்றிப் பார்த்தான். வயர் உள்ளே நுழையும் இடத்திலும் வெடிப்பு.

"முழு வயரையும் மாத்தணும் அண்ணி. இந்தத் தடிமன்ல என் பையில இல்ல. கடைக்குப் போய் வாங்கிட்டு வந்துதான்..."

நான் சிலிண்டரைப் பார்த்தேன். முள் சிவப்புக்குள் இறங்கியிருந்தது. அவர் உதட்டோரம் நிறம் மாறத் தொடங்கியிருந்தது. அவ்வளவுதான், என் கோபமெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"கடையும் வேணாம் ஒண்ணும் வேணாம். அறுந்த இடத்தை வெட்டி முறுக்கி டேப்பைச் சுத்துப்பா. இப்போதைக்கு ஓடட்டும். நான் தரையே துடைக்கல, போதுமா?"

"அண்ணி, அது தப்பு..."

"தப்பாவது சரியாவது! உங்க அண்ணனைப் பாருடா!"

அவன் பார்த்தான். பார்த்துவிட்டு, கறுப்பு டேப்பை எடுத்தான். தப்பென்று தெரிந்தே எடுத்தான். பெற்றவர்கள் போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவர் இந்த அண்ணன்தான்.

கட்டிலிலிருந்து ஒரு கை நீண்டு வந்து அவன் சட்டையைப் பிடித்தது.

"வேணாம்... புதுசு வாங்கிட்டு வா."

"அண்ணே, உனக்கு..."

"போடா... இவ வெறுங்காலோட நடக்குறா."

கொழுந்தன் ஓடினான்.

சிலிண்டர் தீர்ந்தது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, என் தோளில் சாய்த்துக்கொண்டேன். ஒவ்வொரு மூச்சுக்கும் அவர் உடம்பு முழுக்க ஏறி இறங்கியது. மெஷினை நிறுத்துவதற்கு இந்த மனுஷன் ஏன் இப்படிப் பயந்தார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. "இதோ வந்துடுவான், இதோ வந்துடுவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கொழுந்தன் மூச்சிரைக்க வந்து வேலையில் இறங்கினான். பழைய வயரை முழுசாக உருவி எறிந்தான். புது வயரை முடுக்கினான், இழுத்தால் வராதபடி இறுக்கினான், மூடியைப் போட்டான். பிறகு மீட்டரை எடுத்து முனை முனையாக வைத்துப் பார்க்க ஆரம்பித்தான். "சீக்கிரம்டா பாவி!" என்று கத்தினேன். ஒரு முனையைக்கூட அவன் விடவில்லை. வயரைச் சுவரோரமாக, சக்கரம் ஏறாதபடி மேலே கட்டிவிட்டு, மெயினை ஏற்றி, பிளக்கைச் சொருகினான்.

"போடறேன் அண்ணே."

அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று. எனக்கு உயிரே போய்விட்டது. உதடு அசைந்தது. காதை வைத்துக் கேட்டேன்.

"கால்... கீழ ஈரம்..."

குனிந்து பார்த்தேன். என் பாதம் தரையில் இருந்தது.

"எல்லாம் சரியா இருக்குண்ணே, நான் பார்த்துட்டேன்," என்று அழுதான் கொழுந்தன். அவர் கேட்கவில்லை. இரண்டு கால்களையும் தூக்கிக் கட்டில் மேல் வைத்தேன். அவர் கை தடவித் தடவி வந்து என் பாதத்தைத் தேடியது. ஒன்றைத் தொட்டது. அப்புறம் இன்னொன்றை.

"ம்... போடு," என்றார்.