குறை சொல்லிக் காட்டிய வீடு

நகரத்தின் சரித்திரத்தில் அதுவரை நடந்திராத ஒரு பெரும் நிகழ்ச்சி அந்த ஆண்டு நடந்தேறியது. பதினோரு அறிஞர்கள் அடங்கிய குழு ஒன்று ஏழு மாதம் கூடி, இடையில் சண்டை போட்டுக் கலைந்து, மறுபடியும் கூடி, முந்நூறு பக்க அறிக்கை ஒன்றின் மூலம் மாபெரும் உண்மை ஒன்றை மக்களுக்கு அறிவித்தது. ரயில் பாலத்துக்கு அப்பால் உள்ள மூன்றாம் வட்டத்தில் மனிதர்கள் குடியிருக்கிறார்கள் என்பதே அந்த உண்மை. பல மொழி பேசுகிறவர்கள், பல தொழில் செய்கிறவர்கள், பல கடவுள்களைத் தொந்தரவு செய்கிறவர்கள் எல்லோரும் அங்கே ஒரே மாடிப்படியில் ஏறி இறங்குகிறார்கள், வாடகையும் கட்டுப்படியாகிறது, ஆகவே நகரத்திலேயே வாழத் தகுந்த பகுதி இதுதான் என்று குழு கண்டுபிடித்திருந்தது.

வாழத் தகுந்த பகுதி என்று தெரிந்துவிட்டதால், அங்கே வாழ்ந்துகொண்டிருந்தவர்களைக் காலி செய்யச் சொல்லி ஓலை வர ஆரம்பித்தது.

முதல் தவணையிலேயே ஓலை கிடைத்த பாக்கியசாலிகளில் பல்செட்டுக்காரரும் ஒருவர். பல் மருத்துவர் ஒருவரின் கூடத்துக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து, மெழுகில் ஈறு செய்து அதில் பல் நடுவது அவர் தொழில். ஊரில் பாதிப் பெரிய மனிதர்கள் மேடையில் சிரிப்பது அவர் புண்ணியத்தில்தான். அவர்கள் யாரும் அவரைப் பார்த்துச் சிரித்ததில்லை. வயது ஐம்பத்திரண்டு. குடும்பம் என்பது அவரும் அவருடைய அக்காவும்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அந்த முதல் மாடி வீட்டுக்கு வந்தபோது அக்காவுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. சட்டைக் கம்பெனியில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நாலாம் வருடம் ஓரங்கள் மங்கின. ஆறாம் வருடம் நடுவும் போயிற்று. கண்ணுக்குள்ளே அழுத்தம், முன்னாலேயே வந்திருக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னார். அந்த அறிவுரையும் தாமதமாகத்தான் வந்தது. ஆனால் அந்த வீட்டுக்குள் அவளைப் பார்க்கிற யாரும் கண் தெரியாதவள் என்று சொல்லமாட்டார்கள். அடுப்பு பற்றவைப்பாள், துணி உலர்த்துவாள், தம்பியின் செருப்பு தாறுமாறாகக் கிடந்தால் திட்டுவாள். வாசலைத் தாண்டினால்தான் குருடு. போன வருடம் ஒரு கல்யாணத்துக்குப் போய் உறவினர் வீட்டில் இரண்டு நாள் தங்கியபோது, ஒரே நாற்காலியில் இரண்டு நாளும் உட்கார்ந்திருந்தாள். தாகம் என்றுகூடச் சொல்லவில்லை. வேறு வீடு என்றால் அந்த நாற்காலிதான் என்பது பல்செட்டுக்காரருக்குத் தெரியும்.

ஆகவே ஓலையைக் கையில் எடுத்துக்கொண்டு, எதிர்ச்சாரியில் குடியிருந்த வீட்டுக்காரரிடம் போய் நின்றார்.

வீட்டுக்காரரைத் தெருவில் சபாநாயகர் என்பார்கள். எந்தச் சபைக்கும் அவர் போனதில்லை. வீட்டு உரிமையாளர் சங்கத்தில் பதினாலு வருடமாகச் செயலாளர். மணி என்ன என்று கேட்டால்கூடத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, இந்த இனிய வேளையிலே என்றுதான் ஆரம்பிப்பார்.

"பல்லுக்காரரே, காலம் மாறுது. நம்ம பகுதி உயருது. அதோட சேர்ந்து நாமளும் உயர வேண்டாமா?"

"நாங்க முதல் மாடியிலேயே இருந்துக்கறோங்க."

சபாநாயகர் அதை நகைச்சுவை என்று எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அந்தப் பழக்கம் இல்லை.

"அக்காவுக்கு இந்த வீடு பழகிப்போச்சுங்க. வேற இடம்னா தடுமாறிடும். கொஞ்சம் மனசு வைக்கணும்."

"மனிதாபிமானம்னா எனக்கு உயிர். அதனால ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள யாரும் வீட்டை எடுத்துக்க வரலன்னா, நீங்களே இருங்க. பழைய வாடகைக்கே. சொன்னா சொன்னதுதான். ஆனா பார்க்க வர்றவங்களுக்கு நீங்கதான் சுத்திக் காட்டணும். எனக்கு முட்டி வலி, படி ஏற முடியாது."

திரும்பி வரும் வழியில், தெருவைப் பாதி கடப்பதற்குள், பல்செட்டுக்காரரின் மூளையில் திட்டம் உதித்துவிட்டது. பொய் சொல்லி வீட்டை வாடகைக்கு விடுவது உலக வழக்கம். உண்மையைச் சொல்லி விரட்டுவது தம்முடைய சொந்தக் கண்டுபிடிப்பு என்று அவர் நம்பினார். உண்மைக்கோ பஞ்சமில்லை. வீட்டின் குறைகளை ஒன்பது வருடமாகச் சபாநாயகரிடம் ஒப்பித்து ஒப்பித்து அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது.

முதலில் வந்தவர்கள் ஒரு பஸ் டிரைவரும் அவர் மனைவியும். அக்கா கட்டிலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பல்செட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"அப்புறம் சொல்லலன்னு சொல்லக்கூடாது பாருங்க. குளியலறைக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கும். இருபத்துநாலு மணி நேரமும்."

டிரைவரின் மனைவி கணவரின் முழங்கையைப் பிடித்தாள். "ஏங்க, தண்ணி வருதாம்!"

"இல்லம்மா, சொட்டுது."

"எங்க வீட்டுலயும் குழாய் இருக்குண்ணே. அழகுக்கு மாட்டியிருக்காங்க."

பல்செட்டுக்காரர் அடுத்த ஆயுதத்தை எடுத்தார். "சமையலறை வாசல்ல தரைக்கல்லு ஒண்ணு பேந்து கிடக்கு. கால் வச்சா டக்குனு ஆடும்."

"சமையலறை தனியாவா இருக்கு?" என்றார் டிரைவர், கோவிலில் பேசுகிற குரலில்.

மறுநாள் ஒரு நர்ஸ் வந்தாள். நம்பிக்கை முற்றிப்போய்ப் பெட்டியையும் கையோடு கொண்டுவந்திருந்தாள்.

"இந்த ஜன்னல் இருக்கே, கொக்கி போச்சு. காத்து அடிச்சா லொடலொடன்னு ஆடும். போதாததுக்குக் கீழே ரொட்டிக்கடை. அடுப்பு வாசனை பூரா உள்ள வரும்."

"திறந்தா தெரு தெரியுமா சார்?"

"தெரியும். இரைச்சலும் வரும்."

"நான் இருக்கற ரூம்ல ஜன்னல் இருக்க வேண்டிய இடத்துல ஜன்னல் படம் ஒண்ணு மாட்டியிருக்காங்க. மலை தெரியுது. நல்லாத்தான் இருக்கு."

மூன்றாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற குமாஸ்தா. எதையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. முன்கதவு அடியில் தேய்கிறது, தூக்கித் திறந்தால்தான் திறக்கும், கிரீச்சென்று மாடி முழுக்கக் கேட்கும் என்று பல்செட்டுக்காரர் விவரித்ததைப் பொறுமையாகக் கேட்டார்.

"பூட்டினா பூட்டிக்குமா?"

"பூட்டிக்கும்."

"அப்புறம் என்ன, போதும்."

கடைசியில் மானத்தைக்கூட விட்டார். ஒரு தம்பதியை ஓரமாக அழைத்துப் போய், "சொல்லக்கூடாது, ஆனா வீட்டு ராசி அப்படி. நல்லா இருந்த எங்கக்காவுக்கு இங்க வந்துதான் கண்ணு போச்சு" என்று கிசுகிசுத்தார்.

"அடப்பாவமே" என்றாள் அந்தப் பெண், நிஜமான வருத்தத்தோடு. "அவங்க எப்ப காலி பண்றாங்க?"

இரண்டு வாரத்தில் பதினேழு பேர் பார்த்தார்கள். பதினேழு பேரும் படி இறங்கியதும் சபாநாயகர் வீட்டுக்கு ஓடினார்கள். உங்கள் குடித்தனக்காரர் தங்கமான மனிதர், ஒரு குறையையும் மறைக்கவில்லை, இந்தக் காலத்தில் இப்படி ஒருவரா என்று மெச்சினார்கள். வாய் ஓயாமல் மெச்சியதில், எந்தெந்த இடத்தில் என்னென்ன பழுது என்பதும் சேர்ந்தே சபாநாயகரின் காதுக்குப் போயிற்று. ஒன்பது வருடம் குடியிருக்கிறவர் சொல்லிக் கேட்காத காது, குடிவரப் போகிறவர்கள் சொன்னதும் சட்டென்று கேட்டது.

"உங்களுக்கு ஒரு பாராட்டு விழாவே வைக்கலாம்னு இருக்கேன்" என்றார், தெருவில் மடக்கி.

விழாவுக்குப் பதிலாக ஆட்களை அனுப்பினார். ஒரு செவ்வாய்க்கிழமை, ஒரு மாப்பிள்ளையின் தகப்பனாருக்கு அவசரமாகக் கீழ்ச் செட்டு வேண்டியிருந்ததால் பல்செட்டுக்காரர் விடிந்ததும் வேலைக்குப் போய்விட்டார். எட்டு மணிக்குக் கொத்தனார், தச்சர், குழாய் ஆள் மூவரும் வந்தார்கள். வயசான ஒரு அம்மா கட்டிலில் இருக்கிறார், அவரால் தொந்தரவு இல்லை என்று அவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது.

சாயங்காலம் அவர் வீடு திரும்பியபோது முன்கதவு சத்தமே போடாமல் வழிவிட்டது. அவர் தூக்கித் திறக்கத் தயாராக இருந்ததால் உள்ளே போய் விழப் பார்த்தார்.

கூடத்துக்கு நடுவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையும் முன்னால் நீண்டிருந்தன. கொத்தனார் விட்டுப்போன ஒரு வாளிக்குள் காலை விட்டு எடுத்திருந்தாள். புடவை முழங்கால்வரை நனைந்து சுண்ணாம்பு அப்பியிருந்தது.

"யாரு?" என்றாள்.

ஒன்பது வருடத்தில் அவள் அவரைப் பார்த்து அந்தக் கேள்வி கேட்டதில்லை.

"நான்தாக்கா."

"எப்படி வந்தே? கதவு சத்தம் கேக்கலியே?"

அவர் அவளைக் கட்டிலில் உட்காரவைத்தார். சுற்றிப் பார்த்தார். ஜன்னலுக்குக் கொக்கி, கண்ணாடிக்கு ரப்பர் விளிம்பு. தரைக்கல் பதிந்துவிட்டது. குழாய் வாயை மூடிக்கொண்டிருந்தது. சமையலறை வாசலில் இதுவரை கதவே கிடையாது. இப்போது மெருகு பூசிய கதவு ஒன்று பளபளவென்று நின்றது.

"சரி விடு. எண்ணிப் பழகினதுதானே. கட்டில்லேருந்து அடுப்புக்குப் பதினோரு அடியோ என்னவோ, அது மாறலியே."

"எண்ணறதா? நான் என்னிக்குடா எண்ணினேன்? பள்ளிக்கூடத்திலேயே கணக்குல முட்டைதான் வாங்கினேன்."

"பின்ன எப்படி நடப்பே?"

அக்கா, தம்பியின் மந்தபுத்திக்குப் பழகிப்போன குரலில் சொன்னாள்: "சொட்டுச் சத்தம் இடது காதுல விழுந்தா குளியலறை. வலது காதுல விழுந்தா நான் திரும்பி நிக்கறேன்னு அர்த்தம். கால்ல கல்லு டக்குன்னா அடுப்பு எட்டுற தூரம். ஜன்னல் ஆடறதும் ரொட்டி வாசனையும் வர்ற பக்கம் தெரு. கதவு கிரீச்சுன்னா நீ."

பல்செட்டுக்காரர் தமது கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இளஞ்சிவப்பு மெழுகு ஒட்டியிருந்தது.

"வர்றவன் போறவன்கிட்டல்லாம் நீ ஒண்ணொண்ணா சொல்லும்போதே பக்குனு இருந்துச்சுடா. என் சாமானையெல்லாம் தெருவுல வச்சு ஏலம் போடற மாதிரி."

"அப்பவே சொல்லித் தொலைச்சிருக்கலாமே!"

"உனக்குத் தெரியும்னு இல்ல நினைச்சேன். கூடவே இருக்கற கழுதைக்கு இதுகூடத் தெரியாதுன்னு நான் கண்டேனா?"

அதற்குப் பிறகு பல்செட்டுக்காரர் செய்ததை வீரச்செயல் என்று சொல்ல முடியாது. திருகு முறுக்கும் கருவியோடு குளியலறைக்குள் போய், குழாயைச் சொட்டவைக்க ஒரு மணி நேரம் போராடினார். ஆடுகிற பல் செட்டுக்குக்கூட அரைத்துத் தேய்த்து வழி கண்டவர் அவர். புதுக்குழாய் அசையவில்லை, திறந்தால் கொட்டியது, மூடினால் செத்தது. இரண்டுக்கும் நடுவில் ஒரு இடத்தில் மெல்லிய நூலாக வடிந்தது.

"இதுதானாக்கா?"

"இது மழை மாதிரி இருக்குடா. எல்லாப் பக்கமும் கேக்குது. மூடிடு."

மறுநாள் சபாநாயகர், பழுது பார்த்த வீட்டுக்கு உயர்த்திய புது வாடகையை அறிவித்தார். டிரைவர் ஒருநாள் வந்து கதவை மட்டும் தடவிப் பார்த்துவிட்டுப் போனார். நர்ஸ் மலை தெரிகிற ரூமிலேயே தங்கிவிட்டாள். பதினேழு பேரும் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பல்செட்டுக்காரர் வேலை முடிந்ததும் வேறு வீடு தேடிப் போனார். நேரிலும் தொலைபேசியிலுமாக நாலு வீடு விசாரித்தார். கண் தெரியாதவர் என்றதும் ஒருவர் அடுப்பைப் பற்றிக் கவலைப்பட்டார், ஒருவர் மாடிப்படியைப் பற்றி, ஒருவர் அண்டை அயலாரின் மனம் புண்படுமே என்று. நாலாவது ஆள் கவலைப்படவில்லை, தொலைபேசியை வைத்துவிட்டார்.

அக்கா கட்டிலை விட்டு எழுந்திருப்பதைக் குறைத்துக்கொண்டாள். காலையில் அவர் கையைப் பிடித்துக் குளியலறைக்குப் போய் வருவாள். பிறகு அவர் வருகிறவரை உட்கார்ந்திருப்பாள். அடுப்பை அவரே பார்த்துக்கொண்டார். சோறு குழைந்தது, அவள் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மாதக் கடைசி நாள், முட்டி வலியைப் பொருட்படுத்தாமல் சபாநாயகரே படியேறி வந்தார். கையில் ஒப்பந்தக் காகிதம் இருந்தது.

"நான் வாக்குத் தவறாதவன். யாரும் வரல. ஆகவே நீங்களே இருங்க."

பல்செட்டுக்காரருக்கு ஒரு கணம் கண் நிறைந்துவிட்டது. காகிதத்தைப் பார்த்தார். "இது புது வாடகையா போட்டிருக்கே? பழைய வாடகைக்கேன்னு சொன்னீங்களே?"

"பழைய வாடகை பழைய வீட்டுக்கு. அந்த வீடு இப்ப எங்க இருக்கு, நீங்களே சொல்லுங்க?"

அது ஒன்றுதான் அந்த மாதம் முழுவதும் சபாநாயகர் பேசியதில் மறுக்க முடியாத பேச்சு. பல்செட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளையும் சாயங்காலங்களையும் மனதுக்குள் ஒவ்வொன்றாக விற்றுப் பார்த்தார். இன்னொரு பல் மருத்துவரிடமும் வேலை எடுத்தால் எட்டும். எட்டினால் அக்கா இன்னும் அதிக நேரம் தனியாக உட்கார்ந்திருப்பாள். கையெழுத்துப் போட்டார்.

சபாநாயகர் எழுந்து நின்றார். கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, வீடு என்பது வெறும் செங்கல்லும் சுண்ணாம்பும் அல்ல, அது ஒரு பண்பாடு என்று ஆரம்பித்தார். உள்ளே அக்காவுக்கு, வந்தவருக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லையே என்று தோன்றியிருக்க வேண்டும். தம்பியைக் கூப்பிட வெட்கப்பட்டுக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி எப்படியோ சமையலறைக்குப் போயிருந்தவள், டம்ளரை ஏந்திக்கொண்டு பேச்சு வந்த திசையை நோக்கி வேகமாக நடந்தாள். அவளால் அப்படித்தான் நடக்க முடியும். மெதுவாக நடந்து பழக்கமில்லை.

பாதி திறந்திருந்த புதுக்கதவின் விளிம்பு அவள் நெற்றியில் இறங்கியது. டம்ளர் உருண்டது. அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புருவத்தின் வழியாக ரத்தம் இறங்கி, அவளுக்கு இனி எந்த விதத்திலும் தேவைப்படாத கண்ணுக்குள் போயிற்று.

"அக்கா!" என்று பல்செட்டுக்காரர் ஓடினார்.

பண்பாட்டைப் பாதியில் விட்டுவிட்டுச் சபாநாயகரும் ஓடினார். கதவை ஒரு தடவை சாத்தினார், ஒரு தடவை திறந்தார், விளிம்பை விரலால் நெடுகத் தடவிப் பார்த்தார்.

கதவுக்கு ஒன்றும் ஆகவில்லை.